ஐந்து தோல்விகளும் ஒரே வாசலில்: பேட்சி மிங்கின் பதவி வாழ்க்கை, ஒரு நிகழ்வு ஆய்வு

ஹவாயைச் சேர்ந்த பேட்சி மிங்க் 1956-இல் முதல் தேர்தலில் வென்றார். 2002-இல் கடைசித் தேர்தலில் வென்றபோது அவர் உயிரோடு இல்லை. இடைப்பட்ட 46 ஆண்டுகளில், ஹவாய் மாநிலமாவதற்கு முன்பிருந்த பிராந்திய சட்டமன்றம், மாநில செனட், அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை, வெளியுறவுத் துறை, ஹொனலுலு நகர மன்றம், திரும்பவும் பிரதிநிதிகள் சபை என்று உள்ளூர், மாநிலம், தேசம் ஆகிய மூன்று மட்டங்களிலும் பணியாற்றினார். ஐந்து முறை தோற்றார். 1959-இல் பிரதிநிதிகள் சபைக்கு, 1972-இல் ஒரிகன் மாநிலத்தில் அதிபர் வேட்பாளர் தேர்வுக்கு, 1976-இல் செனட்டுக்கு, 1986-இல் ஆளுநர் பதவிக்கு, 1988-இல் ஹொனலுலு மேயர் பதவிக்கு.

இந்த ஐந்தும் ஜனநாயகக் கட்சிக்குள் நடந்த உட்கட்சித் தேர்தல்கள், அதாவது பொதுத்தேர்தலில் நிற்கப்போகும் கட்சி வேட்பாளரை வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் தேர்தல்கள். எதிர்க்கட்சிக்காரரிடம் அவர் தோற்றதாக ஒரு தேர்தல்கூட இல்லை. பொதுமக்கள் திரும்பத் திரும்ப ஏற்றுக்கொண்ட ஒருவர் சொந்தக் கட்சியின் வாசலில் ஏன் இத்தனை முறை தடுக்கப்பட்டார்? அவருடைய திறமையையும் பிடிவாதத்தையும் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. ஆனால் எத்தனை இடங்களுக்குத் தேர்தல் நடந்தது, காலியிடம் எப்படி உருவானது, வாக்குகள் எப்படி எண்ணப்பட்டன என்பதைப் பார்க்காமல் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது.

தொடக்கம்

பேட்சி மட்சு டகேமோட்டோ 1927 டிசம்பர் 6-ஆம் தேதி மாவி தீவில் பாயியா ஊருக்கு அருகில், கரும்புத் தோட்டக் குடியிருப்பு ஒன்றில் பிறந்தார். தாத்தா பாட்டிகள் ஜப்பானிலிருந்து வந்தவர்கள். தந்தை நில அளவைப் பொறியாளர். மருத்துவராக வேண்டும் என்பதே மகளின் ஆசை. 1948-இல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் விலங்கியலும் வேதியியலும் படித்து முடித்து விண்ணப்பித்தபோது ஒரு மருத்துவக் கல்லூரியும் சேர்த்துக்கொள்ளவில்லை. சிகாகோ பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரி இடம் கொடுத்தது. அதுவும் அவரை வெளிநாட்டு மாணவி என்று தவறாக எண்ணிக் கொடுத்த இடம். ஹவாய் அப்போது அமெரிக்கப் பிராந்தியம், அவர் பிறப்பால் அமெரிக்கர். 1951-இல் சட்டப் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் பென்சில்வேனியாக்காரரான ஜான் மிங்கை மணந்தார்.

ஹவாய் திரும்பிய பிறகு வழக்கறிஞர் தேர்வு எழுத விண்ணப்பித்தார். மனைவியின் வசிப்பிடம் கணவனின் வசிப்பிடமே என்றது அன்றைய சட்டம். கணவர் பென்சில்வேனியாக்காரர் என்பதால் மாவியில் பிறந்த இவர் ஹவாய்வாசி அல்ல என்று அதிகாரிகள் மறுத்தார்கள். விதியின் சொற்களையே எடுத்துக்கொண்டு அவர் எதிர்த்து வாதிட, பிராந்தியத்தின் அட்டர்னி ஜெனரல் அவருக்குச் சாதகமாக முடிவு சொன்னார். 1953-இல் தேர்ச்சி பெற்று, ஹவாயில் வழக்கறிஞர் தொழில் செய்த முதல் ஜப்பானிய அமெரிக்கப் பெண் ஆனார். கைக்குழந்தையுள்ள பெண்ணை எந்தச் சட்ட நிறுவனமும் வேலைக்கு எடுக்கவில்லை. சொந்தமாக அலுவலகம் திறந்தார். கதவு அடைத்தால் அடைத்த விதியின் வாசகத்தைப் படிப்பது, பிறகு அதை வைத்தே வாதிடுவது என்ற வழக்கம் இங்கே பிடிபட்டு, கடைசிவரை அவரோடு இருந்தது.

வரிசை எப்படி அமைந்தது

ஹவாய் அரசியலை அரை நூற்றாண்டாகக் குடியரசுக் கட்சியும், அதன் பின்னே நின்ற ஐந்து பெரிய சர்க்கரை வணிக நிறுவனங்களும் நடத்திவந்தன. 1954-இல் அது முறிந்தது. சட்டமன்றத்தின் இரு அவைகளையும் ஜனநாயகக் கட்சி பிடித்தது. முறித்தவர்கள் மூன்று தரப்பினர்: துறைமுக, தோட்டத் தொழிலாளர் சங்கம், ஜான் பர்ன்ஸைச் சுற்றியிருந்த கட்சி அமைப்பாளர்கள், இரண்டாம் உலகப் போரில் சண்டையிட்டுத் திரும்பிய ஜப்பானிய அமெரிக்க வீரர்கள். இத்தாலியில் வலக்கையை இழந்த டேனியல் இனோயேயும், ஸ்பார்க் மட்சுனாகாவும் இந்த வீரர் அணியிலிருந்து வந்தவர்கள்.

மிங்க் அதே 1954-இல் கட்சியின் இளைஞர் அணியை ஓவாகு தீவில் கட்டியெழுப்பியவர். கட்சிக்கு உழைத்தார், ஆனால் பதவிகளுக்கான வரிசை போர்க்களத் தோழமையில் உருவான வரிசை. பெண் என்பதால் அதில் அவருக்கு இடமில்லை. தலைவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் போட்டியிட வேண்டும் என்ற கட்டுப்பாட்டையும் அவர் ஏற்கவில்லை. நாம் பார்க்கிற ஐந்து தோல்விகளில் ஒரிகன் நீங்கலாக மற்ற நான்குக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

1956-இல் பிராந்தியப் பிரதிநிதிகள் அவைக்கும் 1958-இல் பிராந்திய செனட்டுக்கும் வென்றார். ஒரே வேலைக்கு ஒரே ஊதியம் என்ற மசோதாவும், பசிபிக்கில் பிரிட்டன் நடத்திய அணுகுண்டுச் சோதனைகளைக் கண்டிக்கும் தீர்மானமும் அந்தக் காலத்தவை.

ஒரு இடமா, இரண்டு இடமா

1959-இல் ஹவாய் மாநிலமாகும் வேளை வந்தது. வாஷிங்டனுக்கு அனுப்ப வேண்டியவர்கள் இரண்டு செனட்டர்களும் ஒரே ஒரு பிரதிநிதியும். பிரதிநிதி இடத்துக்கு மிங்க் முன்னதாகவே இறங்கிவிட்டார். செனட்டுக்குப் போட்டியிட நினைத்திருந்த இனோயே, கட்சியின் மூத்தவர்களுக்கு வழிவிட்டுப் பிரதிநிதி இடத்துக்கு மாறினார். ஜூன் மாத உட்கட்சித் தேர்தலில் மிங்க் தோற்றார். மாநிலமானதோடு பிராந்திய செனட்டும் கலைந்துபோனதால் கையில் இருந்த பதவியும் போயிற்று. 1962-இல் மாநில செனட்டுக்கு வென்றுதான் திரும்பி வந்தார். அங்கே கல்விக் குழுவின் தலைவரானார்.

1964-இல் அதே பிரதிநிதிகள் சபைக்குப் போட்டியிட்டு வென்றார். கட்சித் தலைமை இந்த முறையும் ஆதரிக்கவில்லை. கணவரே பிரசார மேலாளர், உழைத்தவர்கள் தன்னார்வலர்கள். அப்படியானால் ஐந்தாண்டுகளில் மாறியது என்ன?

1960 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பின் ஹவாய்க்கு இரண்டாவது இடம் கிடைத்திருந்தது. மாநிலத்தை இரண்டு தொகுதிகளாகப் பிரிக்கவில்லை. மாநிலம் முழுவதும் ஒரே தொகுதி, அதற்கு இரண்டு உறுப்பினர்கள். வாக்காளருக்கு இரண்டு வாக்குகள். உட்கட்சித் தேர்தலில் முதல் இரண்டு இடம் பெறுபவர்கள் கட்சியின் வேட்பாளர்கள். 1964-இல் ஓர் இடத்தை வைத்திருந்த தாமஸ் கில் செனட்டுக்குப் போட்டியிட்டதால் அந்த இடம் காலியாக இருந்தது. மற்றோர் இடம் மட்சுனாகாவிடம்.

இந்த அமைப்பில் மிங்க் யாரையும் வீழ்த்த வேண்டியதில்லை, இரண்டாவதாக வந்தால் போதும். தலைமை சொன்னவருக்கு முதல் வாக்கைப் போட்டுவிட்டு, தனக்குப் பிடித்தவருக்கு இரண்டாவதைப் போட வாக்காளருக்கு வழி இருந்தது. 1959-இன் ஒற்றை இடத்தில் அந்த வழி இல்லை. அங்கே மிங்குக்கு வாக்களிப்பது இனோயேக்கு எதிராக வாக்களிப்பதாகவே ஆகும். மிங்கின் வெற்றியைத் தன்னார்வலர் இயக்கத்தின் வெற்றி என்று மட்டும் சொல்பவர்கள் இந்தக் கணக்கைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

1965 ஜனவரி 4 அன்று அவர் பதவியேற்றார். வெள்ளையரல்லாத பெண் ஒருவர் அமெரிக்கக் காங்கிரசில் அமர்ந்தது அதுவே முதல் முறை. பல உறுப்பினர் தொகுதிகளைத் தடைசெய்யும் கூட்டாட்சிச் சட்டம் 1967-இல் வந்தது. ஹவாய்க்குச் சிறிது அவகாசம் கிடைக்க, 1970 தேர்தலில்தான் இரண்டு தனித் தொகுதிகள் உருவாயின. மட்சுனாகாவுக்கு ஹொனலுலு நகர்ப்பகுதி. மிங்குக்கு ஓவாகுவின் கிராமப்புறமும் மற்றத் தீவுகள் அனைத்தும் சேர்ந்த இரண்டாம் தொகுதி. அதற்குள் அவர் மூன்று முறை வென்ற நடப்பு உறுப்பினர், அசைக்க முடியாத நிலை. ஏறத்தாழ 7,700 கி.மீ. தொலைவை விமானத்தில் கடந்து, இரண்டு வாரத்துக்கொரு முறை தொகுதிக்குப் போய்வந்தார்.

குழு அறையில் நடந்தவை

பிரதிநிதிகள் சபையில் ஓர் உறுப்பினரின் வலு அவருடைய குழுவில் இருக்கிறது. மிங்குக்குக் கிடைத்தவை கல்வி-தொழிலாளர் குழுவும் உள்துறை விவகாரக் குழுவும். பாலர் பராமரிப்பையும் தொடக்கக் கல்வியையும் நாடு முழுவதற்கும் கொண்டுவரும் மசோதாவுக்காகப் பல ஆண்டுகள் உழைத்தார். 1971-இல் இரு அவைகளும் நிறைவேற்றிய விரிவான குழந்தை வளர்ச்சி மசோதாவை அதிபர் நிக்சன் டிசம்பரில் நிராகரித்தார். அந்த அளவிலான திட்டம் அமெரிக்காவுக்கு இன்றுவரை வாய்க்கவில்லை. எனக்கு இந்த வரலாற்றிலேயே பெரிய இழப்பாகத் தெரிவது இதுதான்.

அதற்கு முந்தைய ஆண்டு, உச்ச நீதிமன்றத்துக்கு நிக்சன் முன்மொழிந்த ஹாரல்ட் கார்ஸ்வெலுக்கு எதிராக செனட் குழுவில் சாட்சியம் அளித்தார். சிறு குழந்தைகள் உள்ள தாய்க்கு வேலை மறுக்கும், தந்தைக்கு மறுக்காத ஒரு நிறுவனத்தின் மீதான வழக்கை மறுவிசாரணை செய்ய மறுத்த நீதிபதிகளில் கார்ஸ்வெலும் ஒருவர் என்பதை எடுத்துவைத்தார். 51–45 என்ற வாக்கில் செனட் அந்த நியமனத்தைத் தள்ளியது.

இனி அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட சட்டம். 1972 ஜூன் 23 அன்று கையெழுத்தான கல்வித் திருத்தச் சட்டத்தின் ஒன்பதாம் தலைப்பு, ஆங்கிலத்தில் 37 சொற்களே கொண்ட வாக்கியம். கூட்டரசின் நிதி பெறும் எந்தக் கல்வித் திட்டத்திலும் பாலினத்தைக் காரணம் காட்டி ஒருவரை விலக்கவோ, பயன்களை மறுக்கவோ, பாகுபடுத்தவோ கூடாது என்பது சாரம். மீறினால் நிதி நிற்கும்.

இதை மிங்கே எழுதினார் என்று பல இடங்களில் படிக்கலாம். அது மிகை. 1970-இல் விசாரணைகள் நடத்தி அடித்தளம் போட்டவர் ஒரிகன் உறுப்பினர் எடித் கிரீன். செனட்டில் நகர்த்தியவர் பர்ச் பே. மிங்க் அவர்களோடு சேர்ந்து வடிவமைத்தவர். அவருடைய தனிப் பங்கு அடுத்த கட்டத்தில் இருக்கிறது: நிறைவேறிய சட்டத்தைக் காப்பாற்றியது.

சட்டத்தை ஒழிக்க அதை நேரடியாக ரத்து செய்ய வேண்டியதில்லை. ஆண்டுதோறும் வரும் நிதி ஒதுக்கீட்டு மசோதாவில், இன்ன காரியத்துக்கு இந்தப் பணத்தைச் செலவிடக் கூடாது என்று ஒரு வரி சேர்த்தால் அமலாக்கம் நின்றுவிடும். 1975-இல் அமலாக்க விதிகள் வெளியானதும் அதைத்தான் முயன்றார்கள். உடற்கல்வி வகுப்புகளைச் சட்டத்தின் பிடியிலிருந்து விலக்கும் திருத்தம் ஒன்றைப் பிரதிநிதிகள் சபை சேர்த்தது, செனட் நீக்கியது, ஜூலையில் மறுபடி பிரதிநிதிகள் சபைக்கு வந்தது. எதிர்ப்பை நடத்திக்கொண்டிருந்த மிங்குக்கு அந்த வாக்கெடுப்பு வேளையில் மகள் நியூயார்க் மாநிலத்தில் கார் விபத்தில் பலத்த காயமுற்ற செய்தி வந்தது. உடனே கிளம்பினார். அவர் தரப்பு 211–212 என்று ஒரே வாக்கில் தோற்றது. அவையின் தலைவர்கள் நடந்ததை எடுத்துச் சொல்லி மறு வாக்கெடுப்புக்கு வழி செய்தார்கள். அதில் 215–178 என்று சட்டம் தப்பியது. அன்று முதல் வாக்கெடுப்போடு விட்டிருந்தால், பள்ளி மைதானங்களில் பின்னர் நடந்த மாற்றம் தொடக்கத்திலேயே சிதைந்திருக்கும். 1971–72-இல் உயர்நிலைப் பள்ளி விளையாட்டுகளில் பெண்கள் 3 லட்சத்துக்கும் குறைவு. முப்பது ஆண்டுகளில் அது ஏறத்தாழ 28 லட்சம்.

இதே காலத்தில் இன்னொரு போராட்டமும் நடந்தது. 1971-இல் அலாஸ்காவின் அம்சிட்கா தீவில் நிலத்தடியில் மிகப் பெரிய அணுகுண்டுச் சோதனைக்கு அரசு ஏற்பாடு செய்தது. கடல் அலையும் நிலநடுக்கமும் ஹவாயைத் தொடக்கூடியவை. அதிபருக்குத் தரப்பட்ட ஆய்வறிக்கைகளைக் கேட்டு மிங்கும் 32 உறுப்பினர்களும் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடுத்தார்கள். நவம்பர் 6 அன்று குண்டு வெடித்துவிட்டது, வழக்கு தொடர்ந்தது. 1973 ஜனவரி 22-இல் உச்ச நீதிமன்றம் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அரசு ரகசியம் என்று முத்திரையிட்ட ஆவணத்தை, முத்திரை சரியா என்று நீதிபதிகள் தனியறையில் பார்க்கவும் இந்தச் சட்டத்தில் இடமில்லை என்றது. குறை சட்டத்தின் வாசகத்தில் இருந்தால் வாசகத்தை மாற்றலாம். 1974-இல் காங்கிரஸ் அதைச் செய்தது. அதிபர் ஃபோர்டின் மறுப்பையும் மீறி, நீதிபதி ஆவணத்தைப் பார்க்கலாம் என்ற திருத்தம் நிறைவேறியது. தோற்ற வழக்கு நல்ல சட்டத்தைப் பெற்றுத் தந்தது.

சுரங்கத் துணைக்குழுத் தலைவராகத் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கங்களைக் கட்டுப்படுத்தும் மசோதாவையும் நடத்தினார். ஃபோர்டு இரண்டு முறை நிராகரித்தார். 1975-இல் மறுப்பை வெல்ல மூன்று வாக்குகள் குறைந்தன. 1977-இல் கார்ட்டர் கையெழுத்திட்டபோது மிங்க் சபையில் இல்லை.

1972-இல் வியட்நாம் போருக்கு எதிரான குரலாக ஒரிகன் உட்கட்சித் தேர்தலில் அதிபர் பதவிக்கு நின்றதையும் இங்கேயே சொல்லிவிடலாம். கிடைத்தது சுமார் 2 விழுக்காடு. ராணுவத் தளங்கள் நிறைந்த ஹவாயில் அதற்கு எதிர்ப்பும் கிளம்பியது. அந்த ஆண்டும் தொகுதி அவரைக் கைவிடவில்லை.

ஏணியில் கீழே

1976-இல் செனட்டர் ஹிரம் ஃபாங் ஓய்வு பெற, ஹவாயின் இரண்டு பிரதிநிதிகளும் அந்த ஒற்றை இடத்துக்கு இறங்கினார்கள். போட்டியிடுவதென்றால் இருக்கிற இடத்தைத் துறக்க வேண்டும். 1964-இல் அருகருகே வென்ற மட்சுனாகாவும் மிங்கும் இப்போது நேருக்கு நேர். 1959-இன் கணக்கு திரும்பியது. மட்சுனாகா வென்றார். இரண்டாம் தொகுதி டேனியல் அகாக்காவுக்குப் போயிற்று.

கார்ட்டர் அரசில் பெருங்கடல், சுற்றுச்சூழல், அறிவியல் விவகாரங்களுக்கான வெளியுறவுத் துறை உதவிச் செயலர் பதவியை 1977-இல் ஏற்று, ஓராண்டுக்குச் சற்று மேல் வகித்தார். பிறகு தாராளவாத அமைப்பொன்றின் தேசியத் தலைவராக 1981 வரை இருந்தார். 1982-இல் ஹொனலுலு நகர மன்றத்துக்குப் போட்டியிட்டு வென்றார்.

பன்னிரண்டு ஆண்டுகள் காங்கிரசில் இருந்தவர் நகர மன்றத்துக்குப் போவதை இறக்கமாக எண்ணத் தோன்றும். ஹொனலுலுவில் நகரமும் மாவட்டமும் ஒன்றே, ஓவாகு தீவு முழுவதும் அதன் ஆட்சிக்குள் வரும். நில வகைப்பாடு, கட்டுமான அனுமதி, பேருந்து, வரவுசெலவு எல்லாம் ஒன்பது பேர் கையில். ஐந்து வாக்குகள் இருந்தால் எதையும் நிறைவேற்றலாம். மிங்க் 1983-இல் மன்றத் தலைவரானார். அதே ஐந்து வாக்குக் கணக்கு 1985-இல் அவரைக் கவிழ்த்தது. மூன்று ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் குடியரசுக் கட்சிக்குத் தாவ, பெரும்பான்மை மாறி, தலைவர் பதவி போயிற்று. தாவிய மூவரையும் வாக்காளர்கள் அதே ஆண்டில் திரும்ப அழைக்கும் வாக்கெடுப்பில் நீக்கினார்கள்.

1986-இல் ஆளுநர் பதவிக்கான உட்கட்சித் தேர்தலில் ஜான் வைஹே வென்றார். 1988 மேயர் முயற்சியும் கட்சிக்குள்ளேயே முடிந்தது. நிர்வாகப் பதவிகள் எப்போதும் ஒற்றை இடங்கள்தாம். மிங்குக்குத் தீவிர ஆதரவாளர்கள் இருந்தார்கள். ஆனால் பர்ன்ஸ் காலத்திலிருந்து வந்த கட்சி அமைப்பும் தொழிற்சங்கங்களும் வேறு ஒருவர் பின்னால் திரண்டுவிட்டால் அந்த ஆதரவு முதலிடத்துக்குப் போதவில்லை.

திரும்பி வந்த வழி

1990 ஏப்ரலில் செனட்டர் மட்சுனாகா இறந்தார். செனட் இடம் காலியானால் இடைக்காலத்துக்கு ஒருவரை ஆளுநர் நியமிக்கலாம். பிரதிநிதிகள் சபை இடம் காலியானால் நியமனத்துக்கு இடமே இல்லை, அரசியல் சாசனப்படி தேர்தல் மட்டும்தான். ஆளுநர் வைஹே அகாக்காவை செனட்டராக நியமித்தார். அகாக்கா வைத்திருந்த இரண்டாம் தொகுதி காலியாயிற்று.

மிங்கை 1976-இல் வென்றவரின் இடத்துக்கு, மிங்கின் இடத்தைப் பெற்றவரை, மிங்கை 1986-இல் வென்றவர் நியமித்தார். அதனால் திறந்தது மிங்கின் பழைய தொகுதி. செப்டம்பர் 22 அன்று, வழக்கமான உட்கட்சித் தேர்தல் நடந்த அதே நாளில், இடைத்தேர்தலும் நடந்தது. இடைத்தேர்தலில் கட்சிவாரித் தேர்வு கிடையாது. எல்லோரும் ஒரே பட்டியலில் நிற்பார்கள், அதிக வாக்கு பெற்றவருக்கு இடம். மிங்க் பாதிக்கும் குறைவான வாக்குகளோடு, மூஃபி ஹனமானை நூலிழையில் முந்தினார். ஓராண்டு முழுவதும் தலைமை ஒரே வேட்பாளரைத் தயார்செய்ய அவகாசம் கிடைத்திருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கக்கூடும் என்பது என் கணிப்பு.

இடைவெளிக்கு விலை இருந்தது. சபையில் குழுத் தலைமை தொடர்ச்சியான பணிமூப்பைப் பொறுத்தது, பழைய பன்னிரண்டு ஆண்டுகள் அதில் முழுமையாகச் சேரவில்லை. அவர் இல்லாத காலத்தில், 1984-இல், உச்ச நீதிமன்றம் ஒன்பதாம் தலைப்பை நிதி பெறும் குறிப்பிட்ட திட்டத்துக்கு மட்டுமே என்று சுருக்கியிருந்தது. 1988-இல் காங்கிரஸ் அதைச் சரிசெய்துவிட்டது. 1991 அக்டோபரில், உச்ச நீதிமன்றத்துக்கு முன்மொழியப்பட்ட கிளாரன்ஸ் தாமஸ் மீது அனிதா ஹில் கூறிய பாலியல் துன்புறுத்தல் புகாரை விசாரிக்கக் கோரி செனட் கட்டடத்துக்கு நடந்துபோன ஏழு பெண் உறுப்பினர்களில் அவரும் ஒருவர். ஏழைத் தாய்மார்களுக்கான உதவியைக் குறைத்த 1996 சட்டத்தை, சொந்தக் கட்சி அதிபர் கையெழுத்திடுவார் என்று தெரிந்தும் எதிர்த்தார்.

2002 ஆகஸ்ட் இறுதியில் சின்னம்மை கண்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். செப்டம்பர் 21 உட்கட்சித் தேர்தலில் வென்றார். 28-ஆம் தேதி நிமோனியாவால் இறந்தார், வயது 74. வாக்குச்சீட்டில் பெயரை மாற்றுவதற்கான கெடு அதற்குள் கடந்துவிட்டிருந்தது. அக்டோபரில் ஒன்பதாம் தலைப்புக்கு அவர் பெயரைச் சூட்டும் தீர்மானம் சட்டமாயிற்று. நவம்பர் 5 பொதுத்தேர்தலில், இறந்து ஐந்து வாரத்துக்குப் பின், பாதிக்கும் மேற்பட்ட வாக்குகளோடு அவரே வென்றார்.

அதனால் ஒரே தொகுதிக்கு இரண்டு இடைத்தேர்தல்கள் தேவைப்பட்டன. நடப்புக் காலத்தில் எஞ்சிய ஐந்து வாரங்களுக்காக நவம்பர் 30 அன்று ஒன்று, புதிய இரண்டாண்டுக் காலத்துக்காக 2003 ஜனவரி 4 அன்று மற்றொன்று. இரண்டாவதில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் போட்டியிட்டார்கள், மட்சுனாகாவின் மகனும் அவர்களில் ஒருவர். இரண்டிலும் எட் கேஸ் வென்றார்.